கார் மாறியதும் நான் ஓட்டுகிற விதமும் மாறிவிட்டது, இது வடிவமைப்பால் வருவதா அல்லது என் தப்பா?

நாலாவதுகியர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

பதினாறு வருடம் ஒரே காரை ஓட்டினேன். சின்ன ஹேட்ச்பேக், 800 கிலோவுக்கு மேல் இருக்காது, மேனுவல் கியர், பவர் ஸ்டீயரிங் கிடையாது. உட்கார்ந்தால் பானெட் முழுசும் கண்ணில் படும், ஜன்னல் விளிம்பு தோளுக்குக் கீழே இருக்கும், பின்னால் திரும்பினால் பெரிய கண்ணாடி. அடிப்பாகம் துருப்பிடித்து இனி ஓட்டக்கூடாது என்ற நிலை வந்ததால் போன வருடம் மனசில்லாமல் விட்டுவிட்டேன். இப்போது இருப்பது உயரமான புது எஸ்யூவி. பவர் பழையதைப் போல இரண்டரை மடங்கு, ஆறு ஏர்பேக், வெளிச் சத்தமே வராத கேபின், நாலு பக்கமும் கேமரா.

காரைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை. புகார் என்மேல்தான். 60-இல் போவதாக நினைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தால் 85 இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு ரொம்பக் கிட்டே போய்விடுகிறேன், போனபிறகுதான் தெரிகிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சந்திப்பில் திரும்பும்போது சைக்கிளில் வந்த ஒரு பையன் கடைசி நொடி வரை என் கண்ணில் படவே இல்லை. பிரேக் பிடித்து நின்றுவிட்டேன், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பார்க்காமல் திரும்பவில்லை, பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னாள்: "முன்னெல்லாம் யாராவது ரோட்டைக் கடக்க நின்னா, நீங்க போங்கன்னு கை காட்டுவீங்க. இப்ப அவங்க நிக்கிறதையே நீங்க பாக்குறதில்ல." அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காரின் உருவம் அதை ஓட்டுகிறவரின் குணத்தை மாற்றுமா? வயசும் பழக்கமும்தான் காரணமா? கார் வடிவமைப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தகடும்கண்ணாடியும் எழுதியது:

மாற்றும். நான் கார் உடற்பகுதி வரைபடங்களோடு சில வருடம் வேலை பார்த்தவன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சைக்கிள் விஷயம். முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற தூண் இருக்கிறதே, ஏ பில்லர், அதுதான் பையனை மறைத்திருக்கும். பழைய கார்களில் அது இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது என்பதற்காகத் தூணைத் தடிமனாக்கினார்கள், பிறகு பக்கவாட்டு ஏர்பேக் கூரையோரம் மடிந்து உட்கார இடம் வேண்டியிருந்தது. காற்றுத் தடையைக் குறைக்க முன் கண்ணாடியை இன்னும் சாய்த்தபோது தூணும் சாய்ந்து நீண்டு, நாம் திரும்பும்போது பார்க்க வேண்டிய இடத்திலேயே வந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக நியாயம் உண்டு. மொத்தமாகச் சேர்ந்தபோது ஒரு ஆளையே மறைக்கிற சுவர் ஆகிவிட்டது.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்களும் சைக்கிள்காரரும் அவரவர் வேகம் மாறாமல் ஒரே புள்ளியில் மோதுகிற மாதிரி வந்துகொண்டிருந்தால், உங்கள் கண்ணிலிருந்து பார்க்க அவர் இருக்கும் கோணம் மாறவே மாறாது. அதாவது ஒருமுறை தூணுக்குப் பின்னால் மறைந்தவர் மோதுகிற வரைக்கும் அங்கேயே மறைந்திருப்பார். விலகிப்போகிறவர் தூணைத் தாண்டி வெளியே வந்துவிடுவார், மோத வருகிறவர்தான் வெளியே வரமாட்டார். அதனால் சந்திப்பில் தலையை மட்டும் திருப்பினால் போதாது, இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் அசைந்து தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். பழகிவிட்டால் தானாக வரும்.

தூண் மெலிதாக இருந்தால் பாதுகாப்பு போய்விடும் என்பதும் முழு உண்மை இல்லை. 2001-இல் வோல்வோ காட்டிய ஒரு சோதனைக் காரில் ஏ பில்லரை வலைப்பின்னல் மாதிரி திறந்த சட்டமாகச் செய்து, இடைவெளியில் ஊடுருவிப் பார்க்க வழி வைத்திருந்தார்கள். அது விற்பனைக்கு வரவில்லை. ஆனால் ஹோண்டா நான்காம் தலைமுறை ஜாஸில் மோதல் பளுவை அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரண்டாவது தூணுக்கு மாற்றிவிட்டு முன் தூணை நன்றாக மெலிதாக்கினார்கள், அது சாதாரண வீட்டுக் காராகத் தெருவில் ஓடுகிறது. மனசு வைத்தால் முடியும்.

ஜன்னல் விளிம்பு ஏறியதற்குக் காரணம் பாதி பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு, மீதி வெறும் தோற்றம். பக்கத்திலிருந்து பார்த்தால் தகடு மூன்றில் இரண்டு பங்கு, கண்ணாடி ஒரு பங்கு இருந்தால் கார் கம்பீரமாகத் தெரியும் என்பது வரைபவர்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் கணக்கு. 2005 மாடல் கிரைஸ்லர் 300 அந்தத் தோற்றத்தை எல்லாரும் ஆசைப்படும்படி செய்தது. உயரமான தகட்டுக்குச் சின்ன சக்கரம் பொருந்தாது, அதனால் சக்கரமும் வளர்ந்தது. பங்கர் மாதிரி ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே இருப்பவர் மனிதராகத் தெரிய மாட்டார், நகரும் பொருளாகத்தான் தெரிவார். உங்கள் வீட்டம்மா சொன்னது இதைத்தான்.

உயரம் என்பதே தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரும் உயரமான கார்தான். ஆனால் தூண்கள் மெல்லியவை, ஜன்னல்கள் பெரியவை, பானெட்டின் இரண்டு முன் மூலைகளிலும் கொஞ்சம் தூக்கிவிட்டிருப்பார்கள், கார் எங்கே முடிகிறது என்பது இருக்கையிலிருந்தே தெரியும். அதே உயரத்தை இன்று கொடுக்கிறோம், பார்வையை மட்டும் எடுத்துவிட்டோம்.

வேகம் தெரியாமல் போவதும் உங்கள் கற்பனை இல்லை. வேகத்தை நாம் பெரும்பாலும் பக்கத்துத் தரை ஓடுகிற ஓட்டத்தை வைத்துத்தான் உணர்கிறோம். கண் தரையிலிருந்து உயர உயர அந்த ஓட்டம் மெதுவாகத் தெரியும். அதோடு சத்தமும் அதிர்வும் இல்லையென்றால் மீட்டர் ஒன்றுதான் துணை.

---

நசுங்காதகூண்டு எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்தத் திரி பழைய கார் புராணமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அக்கா நான்கு வருடத்துக்கு முன் நெடுஞ்சாலையில் எதிரே தடம் மாறி வந்த வண்டியோடு மோதினாள். காரின் முன்பக்கம் காகிதம் மாதிரி மடிந்துபோயிருந்தது, கதவு சாதாரணமாகத் திறந்தது, அவளே இறங்கி நடந்து வந்தாள். அந்தத் தடித்த தூணைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

2009-இல் அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் சுமார் 64 கிமீ வேகத்தில் நேருக்கு நேர் மோத விட்டது. பழைய கார் பெரியது, தகடும் கனம், அதுதான் ஜெயிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெல் ஏரின் டிரைவர் கூண்டு அப்படியே குலைந்துபோனது, அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்திருந்தால் காலில் அடியோடு தப்பித்திருப்பார். முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், உட்காருமிடம் நசுங்கக் கூடாது என்று மெர்சிடிஸில் பேலா பாரென்யி சொன்ன யோசனையும், வோல்வோவில் நில்ஸ் போலின் செய்த மூன்று முனை சீட் பெல்ட்டும் 1959-இல் சாலைக்கு வந்தவை. அந்த அறிவு எல்லாக் கார்களுக்கும் வந்துசேர எத்தனை உயிர் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு உள்ளே இருப்பவருக்கு. அதே ஐஐஹெச்எஸ் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள் நடந்துபோகிறவரை மோதினால் அவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமும் அதற்குக் கீழும் சரிவாக இருக்கும் வண்டிகளைவிட 45 சதவீதம் கூடுதல் என்று வந்தது. தாழ்ந்த பானெட் காலில் அடித்து ஆளை மேலே ஏற்றும், உயர்ந்த பானெட் நெஞ்சிலும் தலையிலும் அடிக்கும். அதனால் கூண்டு வேண்டும், ஆனால் மூக்கு அவ்வளவு உயரம் வேண்டாம், இதுதான் என் கட்சி. பாதுகாப்பு என்ற பெயரில் வெறும் மிரட்டுகிற முகத்தை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

குமிழ்போதும் எழுதியது:

யாரும் இன்னும் திரையைப் பற்றிப் பேசவில்லையே! நாலாவதுகியர் சார், உங்கள் புது வண்டியில் ஏசி கூட்டக் குறைக்கக் குமிழ் இருக்கிறதா, டச் ஸ்கிரீனா? திரை என்றால் உங்கள் கவனம் போனதில் பாதி அங்கேதான் போயிருக்கும்.

2022-இல் ஸ்வீடனின் வி பீலேகரே பத்திரிகை ஒரு எளிமையான சோதனை செய்தது. 110 கிமீ வேகத்தில் போய்க்கொண்டே சூட்டைக் கூட்டுவது, ரேடியோ மாற்றுவது போன்ற சாதாரண வேலைகள் நான்கு. பொத்தான்கள் மட்டுமே இருந்த 2005 வோல்வோ வி70-இல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது. புதிய கார்களில் மிக மோசமானது எம்ஜி மார்வெல் ஆர், 44.6 விநாடி. அந்த நேரத்தில் கார் 1.3 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே காரோடு பழக நேரம் கொடுத்திருந்தார்கள்.

குமிழுக்குக் கண் தேவையில்லை. கை போய்த் தொட்டால் இது ஏசி, இது வால்யூம் என்று விரலுக்கே தெரியும். 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் பல வேலைகளைத் திரைக்குள் கொண்டுபோன ஐடிரைவ் வந்தபோது எவ்வளவு திட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கும், ஆனால் அதில்கூடக் கைக்கு ஒரு திருகு இருந்தது, கை அந்தரத்தில் நின்று வழுக்குகிற கண்ணாடியைக் குத்த வேண்டியதில்லை. நல்ல செய்தி என்னவென்றால், கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு இவற்றுக்குக் கையால் இயக்கும் பொத்தானோ நெம்புகோலோ இல்லையென்றால் புள்ளியைக் குறைக்கிறது. ஏசியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

---

810கிலோ எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். 1976 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற சின்னக் காரின் எடை அது. 110 குதிரைத்திறன், 810 கிலோ. இன்றைய ஜிடிஐ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. ஹம்மர் இவி என்று ஒரு மின்சார வண்டி இருக்கிறது, அதன் பேட்டரி மட்டும் 1,300 கிலோவுக்கு மேல். ஒரு பேட்டரியின் எடையில் ஒன்றரை கோல்ஃப்!

கார் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் இதில் பங்காளிகள்தான், இதை நான் கோபமாகவே சொல்கிறேன். எந்தக் கார் வந்தாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன், 0-விலிருந்து 100-க்கு எத்தனை விநாடி. பொதுச் சாலையில் யாருக்கு அந்த மூன்று விநாடி தேவைப்படுகிறது? அதைக் காட்ட வேண்டுமென்றால் சட்டத்தையும் பக்கத்தில் போகிறவர் உயிரையும் பணயம் வைக்க வேண்டும். 400 குதிரைத்திறன் காரில் இரண்டாவது கியரிலேயே கிட்டத்தட்ட எல்லா வேகக் கட்டுப்பாடும் முடிந்துவிடுகிறது, மிச்சம் உள்ளதெல்லாம் அடக்கிவைத்த எரிச்சல்தான், அந்த எரிச்சல் முன்னால் போகிறவரின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

சின்னக் காரில் 50 கிமீயிலேயே வேலை இருக்கிறது. வளைவு வருவதற்கு முன் கியரைக் குறைக்க வேண்டும், கிளட்சை விடும்போது என்ஜின் வேகத்தைக் காலால் பொருத்த வேண்டும், டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஸ்டீயரிங் உள்ளங்கையில் சொல்லும். உழைத்து ஓட்டுகிறவன் கவனமாக இருப்பான். 2012-இல் டொயோட்டா ஜிடி86 என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தபோது அதற்குப் பெரிய டயர் போடவில்லை, எரிபொருளை மிச்சப்படுத்தும் ஹைப்ரிட் காரான ப்ரியஸுக்குப் போட்ட அதே ரகம் போட்டார்கள். பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் பேச ஆரம்பிக்கும் என்பதுதான் கணக்கு. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

கார்கள் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்துதான் ஆக வேண்டும் என்று சொல்பவர்களுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பதில். 1989-இல் ஒரு டன்னுக்குக் கீழே பிறந்தது, நடுவில் கொஞ்சம் பெருத்தது, 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் எடையைச் சுமார் 100 கிலோ குறைத்தார்கள். நீளத்தில் அது 1989 காரைவிடவும் சிறியது. ஏர்பேக் இருக்கிறது, மோதல் விதிகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு கிராமாகச் சண்டைபோட்டுக் குறைக்கிற பொறியாளர்கள் இருந்தால் நடக்கும்.

எனக்கு அழகு என்றால் 1959 மினிதான். 3.05 மீட்டர் நீளம், 10 அங்குலச் சக்கரம், என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்துத் தரைப்பரப்பில் 80 சதவீதத்தை மனிதருக்கும் பெட்டிக்கும் கொடுத்தார் அலெக் இசிகோனிஸ். முதலில் ஆள் எங்கே உட்காருவார் என்று முடிவுசெய்துவிட்டு அவரைச் சுற்றித் தகட்டை வளைத்த கார். 1980 ஃபியட் பாண்டாவும் அதே ஜாதி, அதை வரைந்த ஜூஜாரோ கண்ணாடியைக்கூட வளைக்காமல் தட்டையாகவே வைத்தார், எளிமையாகச் செய்ய வேண்டும் என்பதற்காக. கோபமுகம், போலிக் காற்றுத்துளை, தேவையில்லாத மடிப்பு ஒன்றும் இல்லை. இன்று ஒரு காரின் பின்புறத்தில் இருக்கும் புகைக்குழாய் மாதிரி அலங்காரத்தைத் தட்டிப் பாருங்கள், பல கார்களில் அதன் பின்னால் ஒன்றும் இருக்காது, வெறும் பிளாஸ்டிக். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

---

இரண்டுவிநாடி எழுதியது:

தம்பி, நான் இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இங்கே எல்லாரும் காரைப் பற்றி நன்றாக எழுதிவிட்டார்கள், நீங்கள் நாளைக்கும் அதே காரைத்தான் எடுக்கப்போகிறீர்கள், அதனால் உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

இருக்கையைப் பாருங்கள். எஸ்யூவிக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையை மேலே ஏற்றிவைத்துவிடுவார்கள், அது ராஜா மாதிரி இருக்கும். பானெட்டுக்கு முன்னால் தரை தெரிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இருக்கிற உயரத்தை இறக்குங்கள்.

அடுத்து பக்கக் கண்ணாடி. உங்கள் காரின் உடம்பு அதில் பாதி தெரிகிறது என்றால் பாதிக் கண்ணாடி வீண். வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பின்னாலிருந்து முந்தி வருகிற வண்டி நடுக்கண்ணாடியை விட்டு மறையும்போது பக்கக் கண்ணாடியில் தெரிய ஆரம்பிக்க வேண்டும், அங்கே மறையும்போது உங்கள் ஓரக்கண்ணில் பட வேண்டும். கேமரா இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இடைவெளி. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பியுங்கள், நீங்கள் அதே கம்பத்துக்கு வர இரண்டு விநாடியாவது ஆக வேண்டும், மழை என்றால் நாலு. 85-இல் இரண்டு விநாடி என்பது 47 மீட்டர். 60-க்கும் 85-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும், ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் பிரேக் தூரம் இரண்டு மடங்கு ஆகிவிடும். அந்தச் சைக்கிள் பையன் விஷயத்தில் நீங்கள் மெதுவாக இருந்ததால்தான் நின்றது.

ஹெட்லைட்டையும் கவனியுங்கள். உயரமான வண்டியில் விளக்கும் உயரத்தில்தான் இருக்கும், நீங்கள் டிப்பில்தான் போவீர்கள், எதிரே சின்னக் காரில் வருகிறவருக்கு அது நேராகக் கண்ணில் அடிக்கும். பின்னால் ஆள், சாமான் ஏற்றினால் மூக்கு இன்னும் தூக்கும். உயரத்தைக் குறைக்கிற சுவிட்ச் இருக்கும், நிறைய பேர் அதைத் தொட்டதே இல்லை.

கடைசியாகக் கை காட்டுவது. நான் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வது, குறுக்கே நிற்பவரின் முகத்தைப் பார், வண்டியைப் பார்க்காதே. கண்ணோடு கண் பார்த்துவிட்டால் ஹார்னுக்கே பெரும்பாலும் வேலை இருக்காது. கருப்புக் கண்ணாடி, உயர்ந்த ஜன்னல் எல்லாம் வந்தபிறகு அது குறைந்துபோனது உண்மைதான். அதனால் இன்னும் மெதுவாகச் சந்திப்பை நெருங்குங்கள், ஜன்னலை இறக்கிவிடுங்கள், வெளிச்சத்தமாவது உள்ளே வரட்டும்.

---

நாலாவதுகியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்துபார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இருக்கை நான் உண்மையிலேயே உச்சத்தில்தான் வைத்திருந்தேன். நாலு விரல் அளவுக்கு இறக்கினேன், அன்றைக்கே வேகம் தெரிய ஆரம்பித்தது, முழுசாக இல்லை, ஆனால் 85 இப்போது 70 ஆகியிருக்கிறது. பக்கக் கண்ணாடியைத் திருப்பியது முதல் இரண்டு நாள் தலை சுற்றியது, இப்போது பழகிவிட்டது. விளக்கு உயர சுவிட்ச் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம், இத்தனை மாதத்தில் அது எதற்கு என்றே கேட்டதில்லை.

குமிழ்போதும் சார் கேட்டதற்கு: ஆமாம், ஏசி திரையில்தான். கிளம்பும் முன்பே வைத்துவிடுகிறேன், ஓடும்போது தொடுவதில்லை என்று முடிவு.

தூண் விஷயம் சரிதான். அதே சந்திப்புக்கு விடியற்காலையில் யாரும் இல்லாதபோது போய் நின்று, அந்தப் பையன் வந்த பக்கம் ஒரு மரம் இருக்கிறது, அதைப் பார்த்தேன். நேராக உட்கார்ந்தால் மரம் இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் முழு மரமும் இருக்கிறது. அதை ஐந்தாறு தடவை செய்துபார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

810கிலோ, உங்களிடம் ஒரு கேள்வி. இந்த வண்டி வீட்டுக்குத் தேவை, மாற்ற முடியாது. ஆனால் வார இறுதிக்கு மட்டும் ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, துரு பார்த்துச் சரிசெய்து ஓட்டலாம் என்று ஆசை வந்துவிட்டது. அடிப்பாகத்தில் முதலில் எங்கெங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?